நான் அம்மன் என்று சொல்லித் திரிந்த படம்

தொண்ணூற்றெட்டாம் வருடத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் தலை சுற்றும். ஓவியனாக அதைவிட நல்ல வருடம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. இரண்டு கண்காட்சிகள், ஒரு பரிசு, உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டோ, கடைசியில் தனிக் கண்காட்சிக்கு அழைப்பு. அத்தனையும் ஒரே ஒரு படத்தால். அந்தப் படத்தை வரைந்தவன் நான்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். சத்தியமாக நான்தான் வரைந்தேன், என் வீட்டு கராஜில், என் கையால். ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம். நானும் என் மனைவியும் மட்டும்தான், குழந்தை பிறக்காத வருடங்கள் அவை. அவள் கோயமுத்தூர்க்காரி, நியூயார்க்கில் ஒரு கம்பெனியில் புரோகிராமர். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம். அந்தப் பயத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து, அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தவன். மனைவி வேலைக்குப் போக, புருஷன் வீட்டில் தூரிகையோடு உட்கார்ந்திருக்கிறான் என்றால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? விருந்துக்குப் போன இடத்திலெல்லாம், "அப்புறம் சார், நீங்க எப்ப கோர்ஸ் ஜாயின் பண்றீங்க?" என்று ஒருவராவது கேட்பார். கோர்ஸ் என்றால் கம்ப்யூட்டர் புரோகிராம்களைச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கும் மூன்று மாத டெஸ்டிங் கோர்ஸ். பக்கத்தில் எடிசன் என்ற ஊரில் நடந்தது. படித்தவன் படிக்காதவன் எல்லாம் அதில் சேர்ந்து, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தான். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தட்டை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

அந்த ஜனவரியில் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. இனி நானும் வேலைக்குப் போகலாம் என்று ஆனதும், அவளே ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பேச்சை ஆரம்பித்தாள். "ஏங்க, இந்த ஒரு வருஷம் நீங்க பெயிண்ட் பண்ணுங்க. வீட்டை நான் பாத்துக்கறேன். ஏதாச்சும் வழி தெரிஞ்சா சரி, மேல பாக்கலாம். இல்லைன்னா கோர்ஸ்ல சேந்துருங்க. அப்புறம் நானும் பக்கத்துல எங்கயாச்சும் வேலை பாத்துக்கலாம்." சரி என்றேன். ஒரு வருடம் கிடைத்ததே என்று இருந்தது எனக்கு. அவள் கடைசியாகச் சொன்ன வாக்கியம் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரே கார். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் பார்க்கிங் பர்மிட் வாங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே தினமும் காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவது என் வேலை. அவள் பிளாட்பாரத்தில் போய் நிற்பாள். ரயில் வரும்வரை நான் காரிலேயே இருந்து, ஸ்டியரிங்கில் நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவளை வரைவேன். மழையும் குளிருமான பிப்ரவரி. மஞ்சள் ரெயின்கோட், தலையைச் சுற்றி அதன் தொப்பி, கையில் மடக்கிய குடையைத் தரையில் ஊன்றியபடி நிற்பாள். பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரர்களெல்லாம் ரயில் வருகிற திசையைப் பார்ப்பார்கள். இவள் மட்டும் நேராக என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆளுயரத் துணியில் எண்ணெய் வண்ணத்தில் மூன்று மாதம் அதையே வரைந்தேன். வீட்டிலும் சாயங்காலம் அவள் வந்ததும் கராஜில் விளக்கடியில் உட்கார வைத்து முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருமைக்கு மட்டும் நாலைந்து நாள் பிடித்தது.

ஏப்ரலில் தமிழ்ச் சங்கத்தின் புத்தாண்டு விழா, ஒரு பள்ளிக்கூட கேன்டீன் ஹாலில். அலங்காரத்துக்குப் படம் ஏதாவது தாருங்களேன் என்று கேட்டார்கள். பெரிய படமாக இருக்கட்டும் என்று இதைத் தூக்கிக்கொண்டு போனேன். முகத்தில் வண்ணம் இன்னும் உள்ளே காயவில்லை, அதனால் யாரும் தொடாதபடி வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை. மனைவிக்கு அன்றும் ஆபீஸ். நான் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, சமையல்கட்டில் வடைத் தட்டுகளை இறக்க உதவிவிட்டுத் திரும்பி வந்தால், படத்தின் முன்னால் கூட்டம்.

நெற்றியில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தது. சட்டத்தின் மூலையில் யாரோ முழம் கனகாம்பரத்தை மாட்டியிருந்தார்கள், அது எந்த ஊரிலிருந்து வந்ததோ. கீழே இரண்டு வாழைப்பழம். ஒரு மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் பையிலிருந்து கற்பூரத்தை எடுக்க, "ஐயோ, வேணாம் சார், ஃபயர் அலாரம் அடிச்சிடும்" என்று மூன்றாமவர் தடுத்தார். கோபத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"யாருங்க இதப் பண்ணினது?"

"ரிசெப்ஷன்ல இருக்காங்களே ஆன்ட்டி, அவங்கதான் மொதல்ல பொட்டு வெச்சாங்க" என்றார் கற்பூர மாமா. "சும்மா சொல்லக் கூடாது சார், அம்மன் ரொம்பத் தத்ரூபமா வந்திருக்கு. எந்த ஊரு அம்மன்?"

அவர் சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன். மஞ்சள் தொப்பி பிரபை மாதிரி இருந்தது. ஊன்றிய குடை சூலம் மாதிரி இருந்தது. நான் என்ன எழவுக்கு இப்படி வரைந்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த ஆன்ட்டி அப்போது மேடையில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் எங்கே கேட்டேன்? படத்தைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல்கூட வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துடைக்கப் பார்த்தேன். வரவில்லை. குங்குமம் ஈர வண்ணத்துக்குள் இறங்கி, விரல் ரேகையோடு அப்படியே பதிந்துவிட்டது. டர்பன்டைன் போட்டால் நெற்றியே போய்விடும். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மனைவி வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"ரிசெப்ஷன் ஆன்ட்டியா வெச்சாங்க? எப்பவும் அவங்கதானே பொட்டு வைப்பாங்க."

"ஆமா. உன்ன மாரியம்மனாக்கிட்டாங்க."

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தாள். "இருந்துட்டுப் போவுது, விடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனவள், ஆன்ட்டி போன் பண்ண, அவரோடு வெகுநேரம் பேசினாள். எனக்கு அதுவும் கோபம்.

அந்த நாட்களில் கண்காட்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றால் படங்களை ஸ்லைடு எடுத்து அனுப்ப வேண்டும். நான் அனுப்பிய ஸ்லைடுகள் எல்லாம் போன வேகத்தில், நான் தபால்தலை ஒட்டிக் கொடுத்த உறையிலேயே திரும்பி வந்துகொண்டிருந்தன. பொட்டு வைத்த படத்தையும் வேறு வழியில்லாமல் ஒரு ஸ்லைடு எடுத்து அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை.

மே மாதம் டிரென்டனில் ஒரு குழுக் கண்காட்சியில் தொங்கியது. ஜூனில் இன்னொரு இடத்தில் இரண்டாம் பரிசு. முதல் பரிசுக்குத்தான் நீல ரிப்பன், எனக்குச் சிவப்பு ரிப்பன், அதைக் குத்திக்கொண்டு நின்ற என்னைப் பத்திரிகைக்காரர் போட்டோ எடுத்தார். நடுவராக வந்தவர், டெலவேர் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் கேலரி வைத்திருந்த அம்மாள், வெள்ளி முடி, பெரிய கண்ணாடி. படத்தின் முன்னால் நின்று, முகம் இவ்வளவு பொறுமையாக வரையப்பட்டிருக்கும்போது நெற்றியில் அந்தச் சிவப்பை விரலால் அழுத்த உங்களுக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்று கேட்டார். நான் வைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வந்த வார்த்தை வேறு. எங்கள் ஊரில் கிராமத்துக்குக் கிராமம் ஒரு அம்மன் இருப்பாள், சாதாரண மனுஷியாக இருந்து தெய்வமானவள் என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

அவ்வளவுதான், வசமாக மாட்டிக்கொண்டேன். பத்திரிகைக்காரர் கேட்டபோது அதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். நூலகத்தில் பேசக் கூப்பிட்டபோது இன்னும் நீட்டினேன், அம்மை, வேப்பிலை, தீச்சட்டி எல்லாம் வந்தது. மூன்றாம் தடவை சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ரயிலுக்குக் காத்திருக்கிற பெண்ணில் அம்மனைப் பார்த்தேன் என்று நான் சொல்ல, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும்போது காரில் தூங்கிவிட்டாள்.

செப்டம்பரில் கேலரி அம்மாள் போன் பண்ணினார். ஜனவரியில் எனக்குத் தனிக் கண்காட்சி. அந்தப் படம் நடுவில், அதே மாதிரி சிவப்பு வைத்த பத்துப் படங்கள் சுற்றிலும். போனை வைத்ததும் கராஜுக்குள் நானே ஒரு சுற்று ஆடினேன். வழி தெரிந்துவிட்டது! இன்னொரு வருடம் நிச்சயம், அதற்கு மேலும் வருடங்கள். கோர்ஸாவது மண்ணாவது. மனைவியிடம் சொன்னேன். "நல்லதுங்க" என்றாள். காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டாள். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

படங்கள் வந்துவிட்டன. லாண்டரியில் துணி மடிக்கும் மெக்ஸிகோப் பெண், பெட்ரோல் பங்க்கில் நிற்கும் சர்தார், பஸ்ஸுக்கு நிற்கும் கிழவர் என்று ஒவ்வொன்றாக வரைந்தேன். சிவப்புதான் வரவில்லை. சின்னப் படம் ஒன்றில் நானே குங்குமத்தைத் தொட்டு வைத்தேன். ஏதோ அடிபட்டு ரத்தம் வந்த மாதிரி இருந்தது. சுரண்டிவிட்டுத் திரும்ப வைத்தேன். ஒட்டுப்பொட்டு மாதிரி இருந்தது. கட்டை விரல், மோதிர விரல், இடது கை என்று எல்லாவற்றாலும் வைத்துப் பார்த்தாயிற்று. பழைய படத்துப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் எதுவும் நிற்கவில்லை. அப்போதுதான் குழப்பம் முழுசாகத் தலைக்கேறியது. அப்படியென்றால் அந்த ஓவியத்தில் எது என்னுடையது? மூன்று மாதம் நான் வரைந்தது ஒரு பொட்டுக்குப் பின்புலமா? ஓவியன் நானா, அந்த ஆன்ட்டியா? இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெட்கத்தை விட்டு ஆன்ட்டியையே கூப்பிட்டேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மருந்துக் கடையில் பார்மசிஸ்ட், சென்னைக்காரர். எதற்கு என்றுகூடக் கேட்காமல் வந்தார். வெள்ளித் தட்டில் சந்தனமும் குங்குமமும் நானே எடுத்து வைத்திருந்தேன். பத்துப் படங்களும் வரிசையாக நின்றன.

"என்ன தம்பி, பூஜையா?"

"இல்ல ஆன்ட்டி. ஒரு சின்ன ஹெல்ப். அன்னிக்கு ஃபங்ஷன்ல அம்மனுக்குப் பொட்டு வெச்சீங்கல்ல, அதே மாதிரி இதுக்கெல்லாம் வெச்சுக் குடுங்க."

ஆன்ட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்த அம்மனுக்கு?"

மூலையில் சாய்த்திருந்த படத்தைக் காட்டினேன்.

"ஐயய்ய! அது அம்மனா? உங்க வொய்ஃப் இல்ல அது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரிஞ்சுதான் வெச்சீங்களா?"

"தெரியாமயா? அவ மூஞ்சி எனக்குத் தெரியாதா, என்ன பேசறீங்க! அன்னிக்கு நான்தானே வாசல்ல ரிசெப்ஷன். வர்ற லேடீஸ் எல்லாருக்கும் சந்தனம் குங்குமம் குடுத்துட்டே இருக்கேன். திரும்பிப் பாத்தா இவ வெறும் நெத்தியோட நிக்கறா, சோர்ந்துபோய். சாட்டர்டே கூட ஆபீஸ் போயிருக்கான்னு சொன்னாங்க. வந்தவளுக்கு வைக்காம விட மனசு வரல, வெச்சேன். அப்புறம் யார் யாரோ வந்து விழுந்து கும்பிட்டா நான் என்னப்பா பண்றது?"

நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆன்ட்டி படங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். லாண்டரிப் பெண்ணிடம் கொஞ்சம் நின்றார். "நல்லா வரஞ்சிருக்கீங்க. ஆனா இவங்கெல்லாம் யாரு? எனக்குத் தெரியாதே தம்பி. தெரியாதவங்களுக்கு என்னன்னு வைக்கறது? அந்த சர்தார் கோச்சுக்கப் போறாரு." சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டினார். வாசலில், "அவ இன்னும் அந்த நியூயார்க் வேலையிலதான் இருக்காளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காரில் ஏறிப் போனார்.

உள்ளே வந்தேன். மனைவி அந்த வாரத்துக்கான சாம்பாரை வைத்து, ஃப்ரீஸரில் வைக்க டப்பாக்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆன்ட்டி அத அம்மன்னு நெனச்சு வைக்கலையாம். நீதான்னு தெரிஞ்சேதான் வெச்சாங்களாம்."

"தெரியுங்க" என்றாள், டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியுமா? எப்ப இருந்து?"

"அன்னிக்கே போன்ல சொன்னாங்களே."

சுர்ரென்று வந்தது எனக்கு. "அஞ்சு மாசமா ஊரெல்லாம் அம்மன் அம்மன்னு உளறிட்டு இருக்கேன், பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருக்க. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?"

"நீங்க கேக்கலையே."

"என்னத்தக் கேக்கணும்?"

அவள் கரண்டியை வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. இப்போதும் குரல் உயரவில்லை. "மூணு மாசம் என் மூஞ்சிய வரஞ்சீங்க. கண்ணுக்குக் கீழ கருப்புக்கு எத்தன தடவ கலர் கலக்குனீங்க, சரியா வரலைன்னு எத்தன தடவ வழிச்சுப் போட்டீங்க. ஏன் இப்படி இருக்கேன்னு ஒரே ஒரு தடவ கேட்டீங்களா? அந்த ஆன்ட்டி படத்தப் பாத்துட்டுப் போன் பண்ணிக் கேட்டாங்க. ஏம்மா, ஏன் இப்படி ஆயிட்டேன்னு."

வாதாட ஏதாவது அகப்படுமா என்று தேடினேன், நிஜமாகவே தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"ஏன் அப்படி இருந்த?" என்று கேட்டேன்.

மிச்சமிருந்த டப்பாக்களையும் மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களே, அந்தப் பார்வை, நேரா பாக்கறான்னு. நான் நம்ம காரத்தாங்க பாத்துட்டு நிப்பேன். இன்னிக்கு என்னால முடியல, வீட்டுக்குப் போலாம்னு சொல்லி வந்து உக்காந்துரலாமான்னு தெனமும் நெனப்பேன். நீங்க ஒருக்கா தலையத் தூக்கிப் பாப்பீங்க. இப்பக் கூப்புட்டுருவாருன்னு இருக்கும். மறுபடி குனிஞ்சு வரைவீங்க. ட்ரெயின் வந்துரும்."

மறுநாள் திங்கட்கிழமை நாங்கள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அவள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்து இரண்டு போன் பண்ணினேன். கேலரி அம்மாளிடம் அந்தப் படம் வராது என்றேன். அது இல்லாமல் என்ன கண்காட்சி என்று கேட்டார், எனக்கும் தெரியவில்லை என்றேன். எடிசனில் கோர்ஸ் நடத்துகிறவர்கள் பெயரைக் கேட்டார்கள். கொடுத்தேன்.